தொலைந்த தையல் ஊசியைத் தேடும் கருவிகள்: எதை எவ்வளவு நம்பலாம்

ஊசிக் கணக்கில் ஒன்று குறைகிறது என்று, சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸ் சொன்னதும் ஆபரேஷன் தியேட்டரில் கைக்கு எட்டும் கருவிகள் ஐந்தாறு உண்டு. பயன்படுத்திய ஊசிகளை எண்ணி வைக்கும் கவுண்டர் பாக்ஸ், காந்தக் கோல், கையடக்க மெட்டல் டிடெக்டர், டேபிளைச் சுற்றித் திருப்பி எக்ஸ்ரே பார்க்கும் சி-ஆர்ம், போர்ட்டபிள் எக்ஸ்ரே. சில இடங்களில் எக்ஸ்ரே படத்தை அலசும் மென்பொருளும் சேர்ந்துகொள்கிறது. எல்லாமே "உள்ளே விட்டுப்போன ஊசியைக் கண்டுபிடிக்கும்" என்று சொல்லித்தான் விற்கப்படுகின்றன. எந்த ஊசியை என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். குடலை மூடப் போட்ட 26 மி.மீ. ஊசியைச் சுலபமாகக் காட்டும் அதே இயந்திரம், ரத்தக்குழாயை இணைக்கப் போட்ட 6 மி.மீ. ஊசியைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடும். படத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே உள்ளே ஒன்றும் இல்லை என்று மூடிவிடுவதுதான் இந்த விஷயத்தில் மிக ஆபத்தான முடிவு.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பணமும் கவனமும் முதலில் போக வேண்டியது நல்ல கவுண்டர் பாக்ஸுக்கும், எக்ஸ்ரே எடுக்கும் முறையைச் சீர்ப்படுத்துவதற்கும். சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபி அதிகம் நடக்கும் இடத்தில் காந்தக் கோல் அடுத்தது. கையடக்க டிடெக்டரை வாங்குவதானால் குப்பைப் பையிலும் துணி மூட்டையிலும் தேடுவதற்காக வாங்குங்கள், நோயாளியின் வயிற்றுக்குள் தேடுவதற்காக அல்ல. பஞ்சுகளில் தைத்த ரேடியோ டேக்கைத் தேடும் கருவியை ஊசிக்காக வாங்கவே வேண்டாம்.

ஊசியின் நீளம், கம்பியின் தடிமன், உலோகம்

எந்தக் கருவியை மதிப்பிடுவதானாலும் இந்த மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். 3-0, 6-0, 8-0 என்பதெல்லாம் நூலின் தடிமன். ஊசியின் நீளம் உறையில் மி.மீ. கணக்கில் தனியாக இருக்கும். ஒரே 4-0 நூல் 26 மி.மீ. ஊசியிலும் வரும், 13 மி.மீ. ஊசியிலும் வரும். அதனால் "ஒரு 4-0 காணோம்" என்று ரேடியாலஜிஸ்டிடம் சொல்வது பாதித் தகவல்தான். காலி உறையை வைத்திருந்தால் நீளம், வளைவு, முனை எல்லாம் அதிலேயே கிடைக்கும். ஆபரேஷன் முடியும்வரை உறைகளைக் குப்பையில் போடாமல் வரிசையாக அடுக்கி வைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. உறையில் போட்டிருக்கும் நீளம் வளைவின் வழியே அளந்தது. 26 மி.மீ. அரைவட்ட ஊசியின் முனையிலிருந்து அடிவரை நேராக அளந்தால் சுமார் 16.5 மி.மீ.தான் வரும். 13 மி.மீ. அரைவட்ட ஊசி என்றால் 8 மி.மீ.க்குச் சற்று மேல். அதே 13 மி.மீ. ஊசி எட்டில் மூன்று வட்ட வளைவாக இருந்தால் 10 மி.மீ. படத்தில் 26 மி.மீ. கோட்டைத் தேடிக்கொண்டிருக்கும் கண், எதிரே இருக்கும் 16 மி.மீ. பிறையைத் தாண்டிப் போய்விடும். பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தால் அது வளைவே இல்லாத குட்டைக் கோடாகத் தெரியும். ஊசி நேரானதாக இருந்து நம்மை நோக்கி நிமிர்ந்து நின்றால் வெறும் புள்ளி.

உலோகத்துக்கு வருவோம். தையல் ஊசிகளில் பெரும்பாலானவை காந்தம் ஈர்க்கும் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 300 வரிசை ஸ்டீலில் செய்த ஊசிகளைக் காந்தம் லேசாகத்தான் இழுக்கும், சில சமயம் இழுக்கவே இழுக்காது. இதயம், ரத்தக்குழாய் வேலைக்கு வரும் சில நுண்ணிய ஊசிகள் டங்ஸ்டன்-ரீனியம் கலவையில் வருகின்றன. இவை காந்தத்துக்கு அசையாது. ஆனால் டங்ஸ்டன் அடர்த்தி மிகுந்த உலோகம் என்பதால், அதே தடிமன் ஸ்டீலைவிட எக்ஸ்ரேயில் கூடுதல் வெள்ளையாக விழும். ஒரு கருவிக்குப் பாதகமான ஊசி இன்னொன்றுக்குச் சாதகமாக அமைகிறது. இந்த விவரம் தெரியாமல் ஒரே கருவியை வாங்கி வைத்துக்கொண்டு தைரியமாக இருப்பது சரியில்லை.

கவுண்டர் பாக்ஸ்

தேடும் கருவி என்று இதை யாரும் சொல்வதில்லை. ஆனால் ஊசி தொலைந்தது என்பதையே இதுதான் சொல்கிறது. தொலைந்தது எப்போது என்பதையும் இதுதான் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலிலும், நோயாளி தியேட்டரை விட்டுப் போகுமுன் கருவி, பஞ்சு, ஊசிக் கணக்கு சரி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது இருக்கிறது. அந்தக் கணக்கு நிற்பது இந்தச் சின்னப் பெட்டியின் மேல்தான்.

10, 20, 40 என்று எண் போட்ட இடங்களுடன் வருகின்றன. ஒரு பக்கம் ஃபோம், மறுபக்கம் காந்தத் தகடு அல்லது பசைத் தகடு, ஓரத்தில் பிளேடு கழற்றும் பிளவு. காந்தத் தகடு மட்டும் உள்ள பெட்டியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். டங்ஸ்டன் ஊசி அதில் ஒட்டாமல் நழுவி விழும். ஸ்டீல் ஊசிகளோ ஒன்றின் மேல் ஒன்று குவிந்து, இரண்டு கிடக்கும் இடத்தில் ஒன்றுதான் தெரியும். ஃபோம் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். அழுத்தினால் அமுங்கும் மலிவான ஃபோமில் 8 மி.மீ. ஊசி முழுக்கப் புதைந்து, எண்ணும்போது இல்லாதது போலத் தோன்றும். வாங்குமுன் உங்களிடம் இருக்கும் மிகச் சின்ன ஊசியைக் குத்திப் பாருங்கள். அடிப்பகுதி வெளியே தெரிந்தால் எடுத்துக்கொள்ளலாம். நுண்ணிய ஊசிகளுக்குப் பசைத் தகடே மேல். அதன் பின்னணி வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தால் கண்ணுக்குச் சிரமம் இல்லை.

பெட்டி எவ்வளவு நல்லதானாலும் அதைப் பயன்படுத்தும் முறையில் ஓட்டை விழுந்தால் பயனில்லை. ஓர் இடத்தில் ஓர் ஊசி என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டு முனையிலும் ஊசி உள்ள நூல் இரண்டு ஊசிதான், ஓர் உறைதானே என்று ஒன்றாக எழுதினால் கணக்கு அங்கேயே முறிகிறது. ஐந்து, எட்டு என்று பல ஊசி வரும் உறைகளில், மேலே அச்சிட்ட எண்ணை நம்பி எழுதாமல், பிரித்ததும் ஸ்க்ரப் நர்ஸும், டேபிளுக்கு வெளியே நின்று உதவும் சர்குலேட்டிங் நர்ஸும் சேர்ந்து பார்த்து, வாய்விட்டு எண்ணி எழுத வேண்டும். எண்ணிக்கை பொருந்தாத உறையை மொத்தமாக வெளியே எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும், பயன்படுத்தக் கூடாது. பழைய ஊசி கைக்கு வந்தால்தான் புது ஊசி என்ற கொடுக்கல் வாங்கல் ஒழுங்கு இருந்தால், தொலைந்த நேரம் சில நிமிடங்களுக்குள் பிடிபடும். அது இல்லாத தியேட்டரில் மூன்று மணி நேர ஆபரேஷனின் எந்தக் கட்டத்தில் ஊசி போனது என்பதே தெரியாது. தேட வேண்டிய இடமும் அதற்கேற்ப விரிந்துவிடும்.

உடைந்த ஊசி வந்தால் துண்டுகளை அருகருகே வைத்து, முழு ஊசி சேர்கிறதா என்று அதே வகைப் புது ஊசியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முனை மட்டும் 2 மி.மீ. காணாமல் போயிருந்தால் எண்ணிக்கை சரியாகத்தான் காட்டும். இந்த ஒரு குறை எந்தப் பெட்டியிலும் உண்டு.

காந்தக் கோல்

லேப்ராஸ்கோபிக்கென்று 5 மி.மீ., 10 மி.மீ. தடிமனில், நுனியில் காந்தம் பதித்து வருபவை இவை. பிடிக்குள் இருக்கும் காந்தத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, ஈர்ப்பைக் கூட்டிக் குறைக்கும் வகை கையாளச் சுலபம். நுனி எப்போதும் திறந்தே இருக்கும் வகை, உலோக ட்ரோகார் (கருவிகளை வயிற்றுக்குள் விடும் குழாய்) வழியாக இறங்கும்போதே குழாயின் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு பிளாஸ்டிக் ட்ரோகார் வேண்டும்.

வேலை செய்யும் தூரம்தான் ஏமாற்றம் தரும் பகுதி. காந்தத்தின் இழுவை தூரத்தோடு மிக வேகமாகக் குறைகிறது. மேலாகக் கிடக்கும் ஸ்டீல் ஊசி நுனிக்கு அருகில் வந்தால் துள்ளி ஒட்டும். ஆனால் அந்த "அருகில்" என்பது மி.மீ. கணக்கு. குடலின் மேல் தொங்கும் கொழுப்புப் படலமான ஓமெண்டத்தின் மடிப்புக்குள் போயிருந்தாலோ திசுவில் குத்தி நின்றாலோ காந்தம் அதை எடுத்துத் தராது. குத்தி நிற்கும் ஊசியைக் காந்தத்தால் இழுக்க முயல்வதும் தவறு. முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் இழுத்தால் குடலையோ ரத்தக்குழாயையோ கீறிக்கொண்டு வரும். காந்தக் கோலை ஊசியைக் காட்டிக்கொடுக்கும் கருவியாக வையுங்கள். கண்ணில் பட்டதும் நீடில் ஹோல்டரால் பிடித்து, கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியே எடுங்கள்.

வாங்கும்போது பலர் கேட்காமல் விடும் கேள்வி ஸ்டெரிலைசேஷன் பற்றியது. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் நிரந்தரமாக வலுவிழக்கத் தொடங்கும். ஆட்டோகிளேவ் ஓடுவதோ 121 அல்லது 134 டிகிரியில். உயர்வெப்ப ரகம் அல்லது சமாரியம்-கோபால்ட் காந்தம் என்று எழுத்தில் உறுதி தந்தால் மட்டும் வாங்குங்கள். வாங்கிய பிறகும் ஒரு சோதனை வேண்டும்: 17 மி.மீ. ஸ்டீல் ஊசி ஒன்றைத் தாளின் மேல் வைத்து, எத்தனை மி.மீ. உயரத்திலிருந்து அது எழும்புகிறது என்று புதிதாக இருக்கும்போதே அளந்து எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை அதே அளவு வருகிறதா என்று பாருங்கள். நுனியை மூடியிருக்கும் உலோக உறையில் விரிசல் விழுந்த கோலை அன்றே ஒதுக்கிவிட வேண்டும். உள்ளே ஈரம் போனால் நியோடிமியம் துருப்பிடித்து உதிரும்.

பேஸ்மேக்கரோ, துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் ஐசிடியோ உள்ள நோயாளி என்றால் மயக்க மருத்துவரிடம் சொல்லாமல் காந்தத்தைக் கையில் எடுக்கக் கூடாது. காந்தம் அருகில் வந்தால் பேஸ்மேக்கர் நிலையான வேகத்துக்கு மாறிவிடும், ஐசிடி அதிர்ச்சி கொடுப்பதை நிறுத்திவிடும். மூளைநீர் வடிக்கப் பொருத்திய சில வால்வுகளின் அமைப்பும் காந்தத்தால் மாறக்கூடும்.

தரையில் உருட்டும் காந்த உருளை எளிய சாமான். ஆனால் அதன் பயனைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். தொலைந்த ஊசி தரையிலோ, நோயாளியின் மேல் போர்த்தும் துணியான டிரேப்பின் மடிப்பிலோ, யாராவது ஒருவரின் காலணி அடியிலோ இருப்பது சகஜம். தியேட்டருக்கு ஒரு உருளை இருக்கட்டும்.

கையடக்க மெட்டல் டிடெக்டர்

1881 ஜூலை 2-ல் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, உடலுக்குள் போன குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் தூண்டல் மின்சாரத்தில் இயங்கும் ஒரு கருவியைக் கொண்டுவந்தார். குண்டு கிடைக்கவில்லை. படுக்கையிலிருந்த உலோக ஸ்பிரிங்குகள் சிக்னலைக் குழப்பின. குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று நம்பிய மருத்துவர் அந்தப் பக்கம் மட்டுமே தேட விட்டார். குண்டு இருந்தது இடப்பக்கம். இன்று விற்கும் டிடெக்டர்களின் மின்னணு எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. ஆனால் ஆபரேஷன் டேபிளின் உலோகச் சட்டம், ரிட்ராக்டர், குடலில் போட்ட ஸ்டேபிள், பித்தப்பையில் போட்ட கிளிப், இடுப்பில் பொருத்திய செயற்கை மூட்டு என்று சுற்றிலும் உலோகம் இருக்கும் பிரச்சினை அன்று போலவே இன்றும் இருக்கிறது.

தூரக் கணக்கு இதில் இன்னும் மோசம். டிடெக்டருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயிலின் ஆரத்தைத் தாண்டிய தூரத்தில், தூரம் இரட்டிப்பானால் திரும்பி வரும் சிக்னல் 64-ல் ஒரு பங்காகிவிடும். காயில் அனுப்பும் புலமும் தூரத்தோடு குறைகிறது, ஊசி திருப்பி அனுப்புவதும் அதே போலக் குறைகிறது என்பதால் இப்படி. காயிலைப் பெரிதாக்கினால் ஆழம் கூடும், ஆனால் சின்ன ஊசி அதில் தெரியாது. சிறிதாக்கினால் ஊசி தெரியும், ஆழம் போய்விடும். ஊசி கிடக்கும் திசையும் சேர்ந்துகொள்கிறது: ஸ்டீல் ஊசி புலத்தின் திசையிலேயே நீளவாட்டில் இருந்தால் சிக்னல் நன்றாக வரும், குறுக்கே கிடந்தால் அதே ஊசி அதே தூரத்தில் அடங்கிப்போகும். அதனால் டிடெக்டரின் தேடும் முனையான புரோபை ஒரு திசையில் மட்டும் ஓட்டாமல், சாய்த்தும் திருப்பியும் அதே இடத்தை மறுபடி பார்க்க வேண்டும். மின்சாரத்தால் திசுவை வெட்டி ரத்தத்தை நிறுத்தும் டயதெர்மி ஓடும்போது தேடாதீர்கள், கருவி தானாகவே அலறும்.

தோலுக்கு அடியில், கை, கால், முகம் போன்ற மெல்லிய பகுதிகளில் இந்த புரோபுகள் ஓரளவு உதவும். வயிற்றிலும் மார்பிலும் "சத்தம் வரவில்லை" என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை.

வெளியே தேட இது நல்ல கருவி. டிரேப்பை விரித்து, சக்ஷன் பாட்டிலை, துணி மூட்டையை, குப்பைப் பையை ஒவ்வொன்றாக மேசையில் வைத்து ஓட்டினால் கையை உள்ளே விட்டுத் துழாவி ஊசி குத்திக்கொள்ளும் அபாயம் குறையும். ஒரு சிக்கல் உண்டு: தையல் நூலின் உறையில் அலுமினியத் தகடு இருப்பதால், உறை கிடக்கும் பை எப்போதும் ஒலிக்கும். உறைகளைத் தனியே அடுக்கும் பழக்கம் இருந்தால் இந்தச் சிக்கலும் தீர்ந்தது.

எக்ஸ்ரே: அதிகம் உதவுவதும் அதிகம் ஏமாற்றுவதும்

சாதாரண வயிற்று எக்ஸ்ரேயில் பெரிய ஊசிகள் தெரியும். 10 மி.மீ.க்குக் கீழே போகப்போகத் தெரியும் வாய்ப்பு சடசடவென்று சரியும். அதனால்தான் பல மருத்துவமனைகளின் நெறிமுறைகள் 10 மி.மீ.யை ஒட்டி ஓர் எல்லைக் கோடு போட்டு, அதற்கு மேல் கட்டாய எக்ஸ்ரே, கீழே மருத்துவரின் முடிவு என்று வைத்திருக்கின்றன. காரணம் நீளம் மட்டும் அல்ல. சின்ன ஊசியின் கம்பியும் மெலிந்தது. 8-0 நூலோடு வரும் ஊசிகளில் அது 0.13 மி.மீ. அளவுக்குக்கூட இறங்கும். படத்தைப் பதிவு செய்யும் டிஜிட்டல் பிளேட்டின் ஒரு புள்ளியே ஏறக்குறைய அந்த அளவுதான். 20 செ.மீ. உடல் தடிமனில் சிதறும் கதிர், மூச்சின் அசைவு, பிளேட்டிலிருந்து ஊசி இருக்கும் உயரம் எல்லாம் சேர்ந்து அந்தக் கம்பியை மங்கலாக்கி அழித்துவிடுகின்றன.

2003-ல் அதுல் கவாண்டேவும் சக மருத்துவர்களும் வெளியிட்ட ஆய்வு, பொருள் உள்ளே விட்டுப்போகும் அபாயத்தைக் கூட்டுபவை என்று மூன்றைச் சுட்டியது: அவசர ஆபரேஷன், திட்டமிடாத மாற்றம், உடல் பருமன். பருமனான உடலில்தான் எக்ஸ்ரேயும் மங்கும். எங்கே அதிகம் தேவையோ அங்கேயே கருவி பலவீனமாக இருக்கிறது என்பதை வைத்துத்தான் படம் எடுக்கும் முறையைத் தீர்மானிக்க வேண்டும்.

நடைமுறையில் கெட்டுப்போகும் இடங்கள் பல. பிளேட்டை மெத்தைக்கு அடியில் தள்ளும்போது, உடலைச் சூடாக வைக்கும் மெத்தையின் கம்பிகளும், டயதெர்மி பேடின் தகடும், ஈசிஜி வயர்களும் படத்தில் விழுகின்றன. முடிந்தவரை விலக்குங்கள், விலக்க முடியாதவற்றை ஃபார்மில் எழுதுங்கள். டேபிளின் பக்கச் சட்டத்துக்கு மேல் வரும் விலாப்பகுதி மறைந்துவிடும், எனவே பிளேட்டை மறுபக்கம் நகர்த்தி இன்னொரு படம் வேண்டும். 35×43 செ.மீ. பிளேட் ஒரு சராசரி ஆளின் வயிற்றுக்குப் போதும் போலத் தோன்றும். ஆனால் உதரவிதானத்தின் மேல் விளிம்பிலிருந்து இடுப்பெலும்பின் கீழ் விளிம்புவரை, இரு விலாவோரமும் சேர்த்து வர வேண்டுமென்றால் பெரும்பாலும் இரண்டு படம், பருமனான உடலுக்கு நான்கு. ஊசி ஒதுங்கிக் கிடப்பது ஓரத்தில்தான் என்பதால் ஓரம் வெட்டுப்பட்ட படத்தை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

சிதறும் கதிரைத் தடுக்கும் தகடான கிரிட் இல்லாமல் எடுத்த படம் பருமனான வயிற்றில் சாம்பல் பூத்துத்தான் வரும். கிரிட் சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கம் இருண்டுவிடும். படம் எடுக்கும் அந்தச் சில நொடிகள் வென்டிலேட்டரை நிறுத்திப் பிடிக்கச் சொல்லி மயக்க மருத்துவரிடம் கேளுங்கள். 6-0 நூலோடு வரும் ஊசி விஷயத்தில் இந்த ஒன்றே படத்தைக் காப்பாற்றலாம். நேர்ப் படத்தோடு சாய்வுப் படம் ஒன்றும் வேண்டும். நேர்ப் படத்தில் முதுகெலும்பின் வெண்மைக்குள் கரைந்த ஊசி சாய்வில் வெளியே வரும். புள்ளியாக நின்றது கோடாகும்.

படத்தைத் தியேட்டரில் இருக்கும் சாதாரண மானிட்டரில் பார்த்து முடிவு செய்வது தவறு. ரேடியாலஜிஸ்ட் தன் மானிட்டரில், முழு அளவில் பெரிதாக்கி, வெள்ளையைக் கறுப்பாக மாற்றியும் ஒருமுறை பார்க்க வேண்டும். "ஃபாரின் பாடி இருக்கிறதா" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். ஊசியின் நீளம், வளைவு, எண்ணிக்கை, கடைசியாகப் பார்த்த இடம், வேண்டுமென்றே உள்ளே வைத்த கிளிப், டிரெயின் விவரம் எல்லாம் எழுதி, தொலைபேசியிலும் பேசுங்கள்.

அதே வகை ஊசியை நோயாளியின் பக்கத்தில் ஒட்டிவைத்து ஒப்பீட்டுக்காகப் படம் எடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நாங்கள் அதற்கு எதிர். உடலுக்கு வெளியே இருக்கும் ஊசி பளிச்சென்று தெரியும், உள்ளே இருந்தாலும் அப்படியே தெரிந்திருக்கும் என்ற பொய்த் தைரியம் வரும். எண்ணுவதற்கு இன்னோர் ஊசியும் கூடுகிறது. ஒப்பீட்டு ஊசியைத் தனியே, 20 செ.மீ. தண்ணீர்க் கேன் அடியில் வைத்து எடுத்த படமே உண்மையைச் சொல்லும்.

சி-ஆர்ம் விஷயத்தில் கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் பார்வையில் அது ஊசி இல்லை என்று சொல்லப் பயன்படும் கருவி அல்ல. இருக்கும் ஊசியை எடுக்க உதவும் கருவி. கதிரை வாங்கிப் படமாக்கும் அதன் 9 அங்குல இன்டென்சிஃபையரில் ஒரு படத்தில் விழும் பரப்பு குறைவு. முழு வயிற்றையும் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மூட ஒன்பது படம் வரை தேவைப்படும், இடையில் ஓர் ஓட்டை விழுவது சகஜம். ஓடும் படத்தைப் பார்க்காமல், பெரிதாக்கும் முறையில் ஒற்றை ஷாட்களாக எடுங்கள். அதன் பலம் திருப்பும் வசதி. எக்ஸ்ரேயில் ஊசி தெரிந்தபின், ஃபோர்செப்ஸ் நுனியை அருகில் வைத்து சி-ஆர்மை இரு கோணத்தில் திருப்பினால், ஊசி முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்பது உடனே தெரியும்.

சிடி ஸ்கேன் 1 மி.மீ. அடுக்குகளில் எடுத்தால் எக்ஸ்ரே தவறவிடும் ஊசிகளையும் பிடிக்கும். ஆனால் அதற்கு நோயாளியை மூடி வெளியே கொண்டுபோக வேண்டும். கதிரும் சாதாரண வயிற்று எக்ஸ்ரேயைப் போலப் பத்து மடங்கு அளவில் இருக்கும். அதனால் தியேட்டரின் தேடலுக்கு அது மாற்று ஆகாது.

ரேடியோ டேக்கும் மென்பொருளும்

பஞ்சில் தைத்த டேக்கை மேலே ஓட்டும் வளையம் கண்டுபிடிப்பது பஞ்சுக்கு நல்ல முறை. ஊசியில் டேக் கிடையாது, பொருத்த இடமும் கிடையாது. வளையம் அமைதியாக இருந்தது என்று ஊசிக் கணக்கை மூடுவது பொருந்தாது.

மென்பொருள் விற்க வருபவரிடம் ஒரே கேள்வி போதும்: எந்தெந்த நீள ஊசிகளில், எவ்வளவு தடிமனான உடலில் சோதித்தீர்கள்? நீளவாரியாகப் பிரித்துச் சொல்லாத ஒட்டுமொத்த சதவீதம் பெரிய ஊசிகளால் உயர்ந்த எண்ணாக இருக்கக்கூடும். இரண்டாவது கண்ணாக வைத்துக்கொள்ளலாம்.

வாங்குமுன் உங்கள் தியேட்டரிலேயே செய்ய வேண்டிய சோதனை

உங்களிடம் புழங்கும் ஊசிகளில் 26, 17, 13, 10, 8, 6 மி.மீ.க்கு அருகில் வருபவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து அட்டைகள் வெட்டி, ஆறில் மட்டும் ஓர் அட்டைக்கு ஓர் ஊசி வீதம், படுத்த நிலையிலும் நிமிர்ந்த நிலையிலும் மாற்றி மாற்றி ஒட்டுங்கள். மற்ற நான்கில் கிளிப், ஸ்டேபிள் மட்டும். 20 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் கேன்களுக்கு இடையே ஒவ்வொரு அட்டையாக வைத்து, உங்கள் போர்ட்டபிள் எக்ஸ்ரேயிலும் சி-ஆர்மிலும் வழக்கமான செட்டிங்கில் படம் எடுங்கள். எதில் ஊசி இருக்கிறது என்று தெரியாத இருவர் தனித்தனியே படித்து எழுதட்டும். இருவரும் தவறாமல் கண்ட மிகச் சின்ன ஊசிதான் உங்கள் தியேட்டரின் எல்லை. அது 10 மி.மீ. ஆக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பழைய பிளேட்டில் 13 ஆகலாம், நல்ல பிளேட்டில் 8 ஆகலாம். கேனின் ஆழத்தை 30 செ.மீ. ஆக்கி மறுபடி எடுங்கள்; பருமனான உடலுக்கான எல்லை அதில் தெரியும்.

அதே ஊசிகளைக் காந்தத்தில் காட்டி, ஒட்டாத வகைகளின் பெயரை ஸ்டோரிலும் சூச்சர் அலமாரியிலும் எழுதி ஒட்டுங்கள். புது கம்பெனி நூல் வரும்போதெல்லாம் இதை மறுபடி செய்ய வேண்டும்.

கணக்கு டேலி ஆகாத நேரத்தில் எந்தக் கருவி எப்போது

முதலில் எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும். டேபிளைச் சாய்ப்பது, கழுவுவது, சக்ஷன் போடுவது எல்லாம் நிறுத்தம். தண்ணீரோடு ஊசி இடம் மாறும், சக்ஷனில் ஏறிப் பாட்டிலுக்கும் போகும். லேப்ராஸ்கோபியில் கேமராவைப் பின்னிழுத்து அகலமாகப் பார்த்து, கடைசியாக ஊசி வந்து போன ட்ரோகாரின் உள்வாயைப் பாருங்கள். வால்வில் சிக்கியிருப்பது அடிக்கடி நடப்பது. பிறகு தையல் போட்ட இடம், அடுத்து தாழ்வான இடங்கள்: கல்லீரலுக்கு அடியில், குடலின் இரு ஓரப் பள்ளங்கள், இடுப்புக் குழி. அதே நேரத்தில் சர்குலேட்டிங் நர்ஸ் காந்த உருளையால் தரையையும், டிடெக்டரால் துணியையும் பார்க்கட்டும். பெட்டியை மறுபடி எண்ணி, உறைகளோடு ஒப்பிட்ட பிறகும் கிடைக்கவில்லை என்றால், வயிற்றை மூடுமுன் எக்ஸ்ரே.

ஊசி உங்கள் தியேட்டரின் எல்லைக்குக் கீழே இருந்து, கண்ணால் தேடியும் கிடைக்காவிட்டால், மேலும் தேடுவதால் வரும் தீங்கையும் விட்டுவிடுவதால் வரும் தீங்கையும் எடைபோட்டு சர்ஜன் முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்த முடிவைக் கேஸ் ஷீட்டில் எழுதும்போது ஊசியின் வகை, நீளம், உலோகம், எடுத்த படங்கள், யார் படித்தார் என்பது எல்லாம் இடம்பெற வேண்டும். நோயாளிக்கும் குடும்பத்துக்கும் நேராகச் சொல்லி, டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதே விவரத்தை எழுதிக் கொடுங்கள். காந்தம் ஈர்க்கும் ஊசி எம்ஆர்ஐ புலத்தில் நகரக்கூடும் என்பதால், பின்னால் எப்போதாவது எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் ரேடியாலஜிஸ்ட் முதலில் கேட்கப்போவது அந்த ஊசியின் உலோகத்தைத்தான்.